கொத்மலை ஓயாவில் பத்து வருடம் தண்ணீர் அளந்ததில் முதல் மூன்று வருடம் வீணானது எப்படி

என் மேசையில் பதினொரு கொப்பிகள் இருக்கின்றன. 2014 சித்திரையில் தொடங்கி மாதம் ஒரு தடவை, மலைநாட்டிலிருந்து மகாவலிக்கு ஓடும் கொத்மலை ஓயா என்ற ஆற்றிலும் அதில் வந்து சேரும் சின்ன ஓயாக்களிலும் எடுத்த அளவுகள் அவற்றில் உள்ளன. முதல் மூன்று கொப்பிகளை இன்று எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. மீற்றர், ஆய்வுகூடக் கட்டணம், பஸ் செலவு என்று அந்த மூன்று வருடத்தில் போனது இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட. காசை எப்படியாவது திரும்பச் சம்பாதிக்கலாம். 2014இல் ஓடிப்போன தண்ணீரைத் திரும்ப அளக்க முடியாது, அதுதான் இன்றைக்கும் மனதை அறுக்கிறது. தொடங்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து "இப்படிச் செய்யாதே" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஆள் எனக்குக் கிடைக்கவில்லை. இப்போது தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

தோட்டத்தில் வயதானவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: "அந்தக் காலத்துல ஓயாத் தண்ணிய அப்படியே அள்ளிக் குடிப்போம்." கெட்டுப்போனது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எவ்வளவு கெட்டது, எப்போதிருந்து, எதனால் என்று கேட்டால் ஒருவரிடமும் இலக்கம் இல்லை. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. கண்டிக்குக் கிட்டப் போனதும் நகரத்துக் கழிவை மெத எல கெட்டம்பேயில் கொண்டுவந்து சேர்க்கிறது, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பிங்க ஓயா சேர்க்கிறது. அங்கே அளந்தால் எல்லாம் கலந்துதான் தெரியும். தேயிலை மலையிலும் மரக்கறி நிலத்திலும் என்ன மாறுகிறது என்று பார்க்க விரும்பினால் மேலே, அக்கரப்பத்தனை, தலவாக்கலை, நானு ஓயாப் பக்கம்தான் அளக்க வேண்டும். அதனால்தான் இங்கே தொடங்கினேன். அந்த முடிவு சரி. அதற்குப் பிறகு எடுத்த முடிவுகளில் பாதி பிழை.

முதல் பிழை இடம். பஸ்ஸில் இறங்கி நடக்க வசதியாக இருந்ததால், தலவாக்கலை அணைக்கட்டுக்குக் கீழே ஓர் இடத்தை எடுத்தேன். மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அணைக்கட்டில் மறித்த தண்ணீர் சுரங்க வழியாக மின்நிலையத்துக்குப் போகிறது, ஓயாவில் எவ்வளவு விடுவது என்பதைக் கதவுதான் தீர்மானிக்கிறது. ஒரு மாதம் முழங்கால் அளவு, அடுத்த மாதம் கணுக்கால் அளவு. மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றரை வருடம் நான் அளந்தது ஓயாவை அல்ல, கதவு திறப்பதையும் மூடுவதையும். தேங்கிய நீரில் மண் கீழே படிந்துவிடும், வெப்பநிலை மாறும், ஒட்சிசன் மாறும். அணைக்கட்டின் விளைவைத் தெரிய வேண்டுமானால் மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்று சோடியாக, ஒரே நாளில் எடுக்க வேண்டும். நிலத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தேக்கம் தொடங்கும் இடத்துக்கும் மேலே போய்விடுங்கள். இரண்டு ஓயா சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழேயும் எடுக்க வேண்டாம். மழை நாளில் பாலத்தில் நின்று பார்த்தால் ஒரு கரையில் சிவப்பும் மறுகரையில் தெளிவுமாக இரண்டு தண்ணீர் கலக்காமல் நெடுந்தூரம் போவது கண்ணுக்கே தெரியும். பாலம் உள்ள இடம்தான் நல்லது. பெருக்கெடுத்த நாளில் கயிற்றில் வாளி கட்டி நடு ஓட்டத்தில் இறக்கலாம், ஆற்றில் இறங்க வேண்டியதில்லை. தண்ணீர் மட்டம் பார்க்கப் பாலத் தூணில் பெயின்ற் அடித்து சென்ரிமீற்றர் கோடு போட அனுமதி வாங்குங்கள். அந்தக் கோடு பிறகு எந்த மீற்றரை விடவும் பெறுமதியாக இருக்கும்.

இரண்டாவது பிழை நேரம். பஸ் எப்போது வருகிறதோ அப்போது அளந்தேன், காலை ஏழு மணிக்கும் உண்டு, பின்னேரம் மூன்று மணிக்கும் உண்டு. கல்லில் பாசி உள்ள ஓயாவில் வெயில் ஏற ஏற ஒட்சிசன் கூடும், இரவெல்லாம் குறைந்து விடியும் முன் அடியில் நிற்கும். தண்ணீரின் புளிப்புத்தன்மையைக் காட்டும் பீஎச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒரே நாளின் ஏற்றஇறக்கம் பத்து வருட மாற்றத்தை விடப் பெரிதாக இருக்கலாம். இப்போது காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் மட்டும் எடுக்கிறேன், எந்த இடம் முதலில் எது கடைசி என்ற ஒழுங்கையும் மாற்றுவதில்லை. இதோடு சேர்ந்தது மழைப் பிழை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், வைகாசி கடைசியிலிருந்து, பாதை சறுக்கும் என்று அந்தக் கிழமையை விட்டு அடுத்த கிழமை போவேன். மூன்று வருடத்தின் பிறகு பார்த்தால் என் கொப்பியில் ஒரு பெருமழை நாள்கூட இல்லை. மண்ணும் அதில் ஒட்டிய பொசுபேற்றும் பெரும்பாலும் ஓடுவது அந்தச் சில நாட்களில்தான். திகதியை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும், உதாரணமாக மாதத்தின் இரண்டாவது வியாழன். அன்று மழையோ வெயிலோ அதுதான் அளவு. அதற்கு மேலாக வருடத்தில் நாலைந்து பெருக்கு நாட்களைத் தனியாக எடுத்து, தனிக் கொப்பியில் எழுதுங்கள், மாத அளவோடு கலக்க வேண்டாம். ஒரே பெருக்கில்கூடத் தண்ணீர் ஏறும்போது எடுத்ததும் இறங்கும்போது எடுத்ததும் ஒன்றல்ல. தண்ணீர் மட்டம் தூணில் ஒரே கோட்டில் நின்றாலும் ஏறும்போதுதான் பெரும்பாலும் கலங்கல் கூட இருக்கும். "ஏறுது" அல்லது "இறங்குது" என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதிவிடுங்கள்.

மீற்றர் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூடுதலாகக் காசு போனது இதில்தான். கடத்துதிறன் என்பது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு, கரைந்த உப்பு கூடினால் அதுவும் கூடும். அதை அளக்கும் மீற்றரோடு, மீற்றரைச் சரிபார்க்கக் கடையில் தரும் திருத்தக் கரைசல் பெரும்பாலும் 1413 மைக்ரோசீமன்ஸ். நம் மலை ஓயாக்களில் உப்பு மிகக் குறைவு, இரண்டு இலக்க அளவுகள்கூட வரும். 1413இல் திருத்திவிட்டு அங்கே கொண்டுபோனால் யானை நிறுக்கும் தராசில் மிளகு நிறுத்த கதை. 84 மைக்ரோசீமன்ஸ் கரைசல் தனியாக வாங்கலாம், அதில் திருத்துங்கள். அடுத்தது வெப்பநிலை. ஒரு பாகை செல்சியஸுக்குக் கடத்துதிறன் ஏறக்குறைய 2 வீதம் மாறும், உலகமெங்கும் 25 பாகைக்கு மாற்றித்தான் எழுதுவார்கள். என் முதல் மீற்றரில் அந்த மாற்றம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, எனக்குத் தெரியாது. 15 பாகைத் தண்ணீரில் அது 49 காட்டும்போது உண்மையில் 61. இரண்டாவது மீற்றர் வாங்கியதும் எல்லா இடத்திலும் கடத்துதிறன் ஒரே மாதத்தில் நாலில் ஒரு பங்கு கூடியது. ஆற்றில் என்னவோ நடந்துவிட்டது என்று இரண்டு மாதம் கரை கரையாகத் தேடினேன். வெப்பநிலையையும் ஒவ்வொரு தடவையும் எழுதியிருந்தால் பழைய அளவுகளையாவது திருத்தியிருக்கலாம். எழுதவில்லை. பீஎச் கோலை வடித்த நீரில் ஊறவைத்துக் கெடுத்ததும் நான்தான், அதைப் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைக்க வேண்டும். உப்புக் குறைந்த தண்ணீரில் பீஎச் இலக்கம் நிலைக்க ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கும், முதல் நிமிடத்தில் வந்ததை எழுதிவிடக் கூடாது.

ஒட்சிசனில் எங்கள் மலைக்கே உரிய ஒரு பொறி உண்டு. புத்தகத்து அட்டவணையில் 20 பாகையில் நிறைவு அளவு, அதாவது காற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன், லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் என்று இருக்கும். அது கடல் மட்டத்துக்கு. தலவாக்கலை ஏறக்குறைய 1200 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் 13 வீதம் வரை குறைவு, நிறைவே 7.9க்குக் கிட்டத்தான். நான் 7.8 வந்த நாளெல்லாம் "ஒட்சிசன் குறைவு" என்று சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன். அது மூச்சு நிறைந்த நல்ல தண்ணீர். மீற்றரில் உயரத்தைப் போட்டுத் திருத்துங்கள், அளவை நிறைவின் வீதமாகவும் சேர்த்து எழுதுங்கள்.

இனிப் போத்தல். போத்தலில் இடம், திகதி, நேரம் மூன்றையும் வீட்டிலேயே எழுதிவிட வேண்டும், ஈரக்கையோடு எழுதினால் அழியும். ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நின்று, போத்தலின் வாயும் ஓட்டம் வரும் பக்கம் பார்த்தபடி, மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் ஆழத்தில் நிரப்புங்கள். உங்கள் கால் கலக்கிய மண் உள்ளே வரக் கூடாது. நைத்திரேற்று, பொசுபேற்றுப் போத்தலை ஓயாத் தண்ணீரில் மூன்று தடவை அலசலாம். கிருமிப் பரிசோதனைப் போத்தலை அலசவே கூடாது, அது கிருமி நீக்கி வந்தது. பொசுபேற்றுப் போத்தலைச் சலவைத்தூள் போட்டுக் கழுவ வேண்டாம், ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கழுவி வடித்த நீரில் அலச வேண்டும். இதை நான் கண்டுபிடித்த விதம்: ஒரு மாதம் வடித்த நீரை ஒரு போத்தலில் ஊற்றி, ஓயாவுக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடி, மற்றவற்றோடு அனுப்பினேன். அதில் ஓயாவில் இருந்ததைவிடக் கூடப் பொசுபேற்று வந்தது. அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடப் பொசுபேற்று அளவுகள் அத்தனையும் சவர்க்காரம். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் வடித்த நீர் மட்டும் ஊற்றிய ஒரு வெற்றுப் போத்தல், பத்துக்கு ஒன்று அதே ஓயாத் தண்ணீரை இன்னொரு தடவை நிரப்பிய இரட்டைப் போத்தல். ஆய்வுகூடத்துக்கு எது வெற்று, எது இரட்டை என்று சொல்வதில்லை. காசு கொஞ்சம் கூடும், ஆனால் மற்றப் போத்தல்களுக்குக் கொடுக்கும் காசைக் காப்பாற்றுவது அதுதான்.

தலவாக்கலையிலிருந்து கண்டிப் பக்கம் ஆய்வுகூடம் போய்ச் சேருவதே பெரிய வேலை. ஐஸ் கட்டி உருகிப் போத்தலுக்குள் ஒழுகும். அதற்குப் பதிலாகப் பழைய சோடாப் போத்தலில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து ரெஜிபோம் பெட்டியில் அடுக்குங்கள். கிருமிப் பரிசோதனையை ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது, 24க்கு மேல் போனால் அந்த இலக்கம் எதற்கும் உதவாது. கரைந்த பொசுபேற்று வேண்டுமென்றால் ஓயாக்கரையிலேயே 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்துவிட வேண்டும், ஆய்வுகூடம் போய் வடித்தால் வழியிலேயே மண் பிடித்துக்கொள்ளும் அல்லது விட்டுக்கொடுக்கும். உயிரியல் ஒட்சிசன் தேவையை, அதாவது தண்ணீரில் உள்ள கழிவைத் தின்னும் கிருமிகள் எடுக்கும் ஒட்சிசனை, 20 பாகையில் இருட்டில் ஐந்து நாள் வைத்து அளக்கிறார்கள். திங்கள் கொடுத்தால் ஐந்தாம் நாள் சனி, செவ்வாய் கொடுத்தால் ஞாயிறு. யாராவது திங்கட்கிழமை வந்துதான் பார்ப்பார்கள், அது ஆறு அல்லது ஏழு நாள் அளவாகிவிடும். புதன், வியாழன், வெள்ளி கொடுங்கள். போயா தினத்தையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு தடவை பூட்டிய கதவு முன்னால் பெட்டியோடு நின்றிருக்கிறேன்.

இப்போது எனக்கு மிகவும் வலித்ததைச் சொல்கிறேன். மூன்றாவது வருடத்தில் ஒரு கிளை ஓயாவின் நைத்திரேற்று 1.1இலிருந்து 4.9க்கு ஏறியது. அடுத்த மாதமும் அப்படியே. மேலே மரக்கறித் தோட்டங்கள். உரம்தான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன், நாலு மடங்குக்கு மேல் கூடிவிட்டது என்று. ஊரில் பேச்சாகிவிட்டது. லீக்ஸும் கோவாவும் போடும் ஓர் அண்ணன் என்னைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, நான் இந்த ரெண்டு வருஷமா உரம் கொறச்சுத்தான் போடுறேன். வாங்குற விலைக்குக் கூட்டிப் போட ஏலாது. நீங்க ஒரு நாளாவது வந்து கேட்டீங்களா?" என்றார். அந்த இரவு இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதில் சின்ன எழுத்தில் "நைதரசனாக", புதியதில் "நைத்திரேற்றாக". ஆய்வுகூடம் அறிக்கை எழுதும் முறையை மாற்றியிருந்தது, ஒரு வரி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நைதரசனாக எழுதினால் நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் நிறை மட்டும்தான், அதை 4.43ஆல் பெருக்கினால் முழு நைத்திரேற்று. 1.1ஐப் பெருக்கிப் பாருங்கள், 4.9 வரும். ஓயாவில் ஒன்றுமே மாறவில்லை. அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னேன், அந்த அண்ணனிடம் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் முதலில் பரவிய கதை முழுதாகத் திரும்பி வரவில்லை. பொசுபேற்றிலும் இதே பொறி உண்டு, பொசுபரசாக எழுதியதை 3.07ஆல் பெருக்க வேண்டும். கொப்பியில் ஒவ்வொரு இலக்கத்தின் பக்கத்திலும் எந்த வடிவம், எந்த முறை, எந்த ஆய்வுகூடம், கண்டறியும் எல்லை, அதாவது அந்த முறையால் காணக்கூடிய மிகக் குறைந்த அளவு, எவ்வளவு என்று எழுதுங்கள். "கண்டறியப்படவில்லை" என்று வந்தால் பூச்சியம் போடாதீர்கள், "0.05க்குக் கீழ்" என்று எல்லையோடு எழுதுங்கள். பின்னர் நுட்பமான கருவி வந்து எல்லை குறையும்போது, பூச்சியங்கள் எல்லாம் திடீரென்று தண்ணீர் கெட்டதுபோலக் காட்டும்.

அந்த அண்ணனின் கேள்விதான் என்னைத் தண்ணீரின் அளவுக்கு, அதாவது ஓட்டத்துக்கு, கொண்டுபோனது. செறிவு மட்டும் தெரிந்தால் யாருடையது என்று சொல்ல முடியாது. ஓட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். ஓயா வற்றும்போது செறிவு ஏறி, பெருகும்போது நீர்த்துப்போனால், ஒரே சீராக ஏதோ வந்து விழுகிறது: லயத்துக் கக்கூஸ், டவுன் கான், தொழிற்சாலைக் குழாய். ஓயா பெருகும்போதே செறிவும் ஏறினால் நிலத்திலிருந்து கழுவி வருகிறது: உரம், கோழி எரு, வெட்டிய மண். ஓட்டத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. நேராக ஓடும் 10 மீற்றர் துண்டைப் பிடியுங்கள், இரண்டு முனையிலும் கயிறு கட்டி ஒரு தோடம்பழத்தை விடுங்கள், பாதி மூழ்கி மிதக்கும், காற்று தள்ளாது. பத்துத் தடவை நேரம் எடுத்து சராசரி பாருங்கள். 20 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர், மேற்பரப்பு வேகம் என்பதால் 0.85ஆல் பெருக்க 0.425. அகலம் 8 மீற்றர், ஒவ்வொரு மீற்றரிலும் கம்பு ஊன்றிய சராசரி ஆழம் 0.5 என்றால் குறுக்குப் பரப்பு 4. ஓட்டம் செக்கனுக்கு 1.7 கன மீற்றர். நைத்திரேற்று லீற்றருக்கு 4 மில்லிகிராம் என்றால் 1.7ஐ 4ஆலும் 86.4ஆலும் பெருக்குங்கள், நாளுக்கு 587 கிலோ. பல மட்டங்களில் இப்படி அளந்து பாலத் தூண் கோட்டோடு பொருத்திவிட்டால், பிறகு கோட்டைப் பார்த்தே ஓட்டம் சொல்லலாம். பெரிய பெருக்குக்குப் பிறகு ஆற்றின் அடி மாறிவிடும், அப்போது மறுபடி பொருத்த வேண்டும்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் எடுத்த பழைய அளவுகள் வேண்டுமானால் அரச நிறுவனங்களில் இருக்கின்றன. பேராதனையில் மகாவலியின் ஓட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளக்கிறது. வாயால் கேட்டு ஒரு வருடம் அலைந்த பிறகுதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதலாம் என்று தெரிந்தது. 14 வேலை நாளில் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். "தண்ணீர் விபரம்" என்று கேட்டால் ஒன்றும் வராது. நிலையத்தின் பெயர், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்த அளவு, எந்த அலகு, எந்த முறை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

எத்தனை வருடம் அளந்தால் "மாறிவிட்டது" என்று சொல்லலாம்? மாதா மாதம் எடுத்தாலும் ஐந்து வருடத்துக்குக் குறைய நான் இனி வாய் திறக்க மாட்டேன். இந்த மலையில் மழையே தண்ணீரை மாற்றிவிடும், அதனால் தையைத் தையோடு, ஆடியை ஆடியோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். 1982இல் ஹிர்ஷ் என்பவரும் கூட இருந்தவர்களும் எழுதிய பருவகால கெண்டல் முறை இதைத்தான் செய்கிறது. பத்துத் தை மாதத்தை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 45 சோடி. பிந்தியது கூட என்றால் கூட்டு ஒன்று, குறைவு என்றால் கழித்தல் ஒன்று, சமம் என்றால் ஒன்றுமில்லை. பன்னிரண்டு மாதத்துக்கும் செய்தால் 540 சோடி. கூட்டிப் பார்க்கும் எண் பூச்சியத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் சாட்சி. கொப்பியிலேயே கையால் போடலாம், ஒரு பெருமழை நாளின் பெரிய இலக்கம் முழுக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகாது. கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ளவற்றை ஒன்றோடொன்று சமம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது பலர் வந்து கேட்டார்கள், தண்ணீர் சுத்தமாகிவிட்டதா என்று. சித்திரை கடைசியில் வந்த முடிவு, வைகாசியில் தடை, கார்த்திகையில் நீக்கம். அவ்வளவு குறுகிய காலத்தை வைத்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மறுத்தேன், பலருக்குக் கோபம். வருடக் கணக்காக மண்ணுக்குள் இறங்கிய நைத்திரேற்று நிலத்தடி வழியாக மெதுவாகத்தான் ஓயாவுக்கு வரும். மேலே நிறுத்தினாலும் கீழே அது வந்துகொண்டே இருக்கும். பொசுபேற்று வேறு மாதிரி, மண்ணோடு ஒட்டி ஓடித் தேக்கத்தின் அடியில் உட்காரும், அங்கே ஒட்சிசன் தீர்ந்தால் மறுபடி தண்ணீருக்குள் வரும். கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் வந்தது, 1990களின் தொடக்கத்திலேயே அதில் நீலப்பச்சைப் பாசி பொங்கியது. மகாவலியில் உள்ள பொல்கொல்ல அணைக்கட்டோ 1976இல் வந்து பன்னிரண்டு வருடத்தில் கொள்ளளவில் 44 வீதத்தளவு வண்டலுக்கு இழந்தது. இந்த மலையில் சரிவில் வெட்டும் ஒவ்வொரு பாத்தியும் அந்தக் கணக்கில் சேருகிறது. அதனால் கலங்கல் அளவைத் தவறவிடாதீர்கள், எல்லாவற்றிலும் மலிவானது அதுதான்.

ஆட்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "குடிக்கலாமா?" மாத அளவு அதற்குப் பதில் சொல்லாது. பீலித் தண்ணீரானாலும் ஓயாத் தண்ணீரானாலும் 100 மில்லிலீற்றரில் ஈ. கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நேற்று இல்லாதது இன்று மழைக்குப் பிறகு வரும். நன்றாகக் கொதித்துக் குமிழி விட ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் கிருமி போகும். நைத்திரேற்று போகாது, வற்ற வற்றக் கூடும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றைத் தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கக் கூடாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும்.

போன மாதம் என் மூன்றாவது கடத்துதிறன் மீற்றரும் தடுமாறத் தொடங்கிவிட்டது. புதியதை வாங்கிவிட்டேன், ஆனால் பழையதைத் தூக்கிப் போடவில்லை. அடுத்த பன்னிரண்டு மாதமும் இரண்டையும் ஒரே வாளியில், ஒரே நிமிடத்தில் வைத்து இரண்டு இலக்கத்தையும் எழுதப்போகிறேன். இடைவெளி எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் பழையது அலுமாரிக்குப் போகும்.